கார்த்திகைத் தண்ணீர்

அம்சவேணி கிணற்றுத் தண்ணீரைக் கார்த்திகை மாதத்தில் குடித்துப் பார்த்தாள். தப்பு அங்கேதான் தொடங்கியது.

அடைமழை விட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது. கிணறு குனிந்தால் கைக்கு எட்டும் அளவுக்கு நிரம்பிக் கிடந்தது. அவள் படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்து, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் கீது" என்றாள். கிணற்று மேட்டில் நின்றிருந்த சம்பத் ஒன்றும் சொல்லவில்லை. சித்திரையில் வந்து குடித்துப் பாருங்கள் அண்ணி என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது.

அப்பா வீரபாகுவுக்கு அந்த வருஷம் புரட்டாசியில் வலது கையும் காலும் இழுத்துக்கொண்டது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் என்று அனுப்பிவிட்டார்கள். எந்த வீட்டில், யார் என்று அவர்கள் கேட்கவில்லை. அம்மா செத்துப் பல வருஷம் ஆயிற்று. சம்பத் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை செய்தான். அவன் மனைவி கமலவேணி ஷூ கம்பெனியில் தோலுக்குப் பசை தடவினாள். இருவரும் இருந்தது டேனரிச் சுவரை ஒட்டிய லைன் வீட்டில். ஒற்றை அறை. ஒருவர் படுத்தால் இன்னொருவர் தாண்டித்தான் போக வேண்டும்.

அப்பாவின் ஊரான கொல்லைமேட்டில் அப்போதே உடம்பில் தெம்பு உள்ளவர்கள் யாரும் இல்லை. எல்லாரும் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று தோலுக்குப் போய்விட்டார்கள். ஊரில் மிச்சம் இருந்தது கயிற்றுக் கட்டில்களும் அவற்றில் கிடந்தவர்களும்தான். இருமல் சத்தத்தை வைத்தே எந்த வீட்டில் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

அந்த ஊரில் கிழடுகளைப் பார்த்துக்கொள்ள யாரும் கூலி கொடுப்பதில்லை, வாங்குவதும் இல்லை. கூலி வாங்கினால் அது தோட்டி வேலை. அதற்குப் பதிலாக ஒரு வழி வைத்திருந்தார்கள். படுத்துவிட்டவரின் நிலத்தை, அவரைப் பார்த்துக்கொள்கிறவர் பயிர் வைத்துக்கொள்வார். மூச்சு இருக்கிறவரைக்கும் பயிர் என்று பேச்சு. மூச்சு நின்றால் நிலம் பிள்ளைகளிடம் திரும்பிவிடும். வயலில் நிற்கிற பயிர் மட்டும் பார்த்துக்கொண்டவருக்கே. எழுத்து கிடையாது. இரண்டு பெரிய மனுஷர்கள் முன்னால் வெற்றிலை மாற்றிக்கொண்டால் முடிந்தது.

அம்சவேணி பங்காளி வீட்டு மருமகள். கல்யாணமான நாளிலிருந்து குடியாத்தத்தில் இருந்தவள். புருஷன் தறியில் உட்கார்ந்து உட்கார்ந்தே நெஞ்சு கெட்டுச் செத்துப்போனான். வயசுக்கு வந்த மகளை அணைக்கட்டில் தாய் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு பசுமாட்டோடு கொல்லைமேட்டுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவள் பிறந்த அணைக்கட்டுப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் எல்லா மாதமும் ஒரே ருசிதான். கார்த்திகையில் குடித்தது சித்திரைக்கும் சேர்த்துத்தான் என்று அவள் நினைத்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. வெற்றிலை மாற்றின பெரியவர்களுக்கும் விஷயம் தெரியும். அவர்களும் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு அவர்கள் படுத்தாலும் யாராவது இப்படி வந்து குடித்துப் பார்க்க வேண்டுமே.

முதல் போகம் நன்றாகவே வந்தது. நெல் வைத்தாள். பங்குனியில் அறுத்தாள். அந்த மாதங்களில் வீரபாகுவைப் பார்த்தவர்கள் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்று கேலி செய்தார்கள். தினம் வெந்நீர்க் குளியல், துவைத்த வேட்டி, இரண்டு வேளை சோறு, ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு. வாரம் ஒருமுறை சவரத்துக்கு ஆள் வந்தது. படுக்கைப் புண் வராமல் இருக்க அவள் அவரை நேரத்துக்கு நேரம் புரட்டிப் போட்டாள். டேனரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஒவ்வொரு வெள்ளியும் சம்பத் பஸ் பிடித்து வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, மனசு லேசாகித் திரும்பிப் போனான். கடன் ஒன்று ஒழிந்த மாதிரி இருந்தது.

சித்திரையில் கிணறு இறங்கியது. அடியில் கிடந்த தண்ணீர் டீத்தூள் நிறத்தில் இருந்தது. வாயில் வைத்தால் நாக்கைப் பிடித்து இழுத்தது. பசு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அம்சவேணி யாரையும் திட்டவில்லை. கோடை போனால் சரியாகும் என்று காத்திருந்தாள். ஆடியில் கடலை விதைத்து அந்தத் தண்ணீரையே பாய்ச்சினாள். இலை ஓரம் நெருப்பில் காட்டின காகிதம் போலக் கருகியது. பிடுங்கிப் பார்த்தால் காய் சொத்தை, உடைத்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது சம்பத்துக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். டேனரியில் அவன்தான் தண்ணி ஆள். தொட்டிகளுக்கு நல்ல தண்ணீர் விடுவதும் அவன், கெட்ட தண்ணீரை வெளியேற்றுவதும் அவன். உப்புத் தோலை ஊறவைத்தது, சுண்ணாம்பில் மயிர் கழித்தது, டிரம்மில் சாயம் போட்டது, எல்லாம் காம்பவுண்டுக்குப் பின்னால் ஒரு பெரிய குழியில் சேரும். வெயில் நாளில் திறந்தால் ஓடையில் தேங்கி நாறும், ஊர்க்காரர்கள் திரண்டு வருவார்கள். அதனால் மழை வரும்வரை அடைத்து வைப்பது வழக்கம். மழை பிடித்ததும் மதகுப் பலகையைத் தூக்கிவிட்டால், மழையோடு மழையாகப் போய்விடும். ஓடை கொல்லைமேட்டின் தாழ்ந்த நிலங்களை உரசிக்கொண்டு பாலாற்றுக்குப் போகிறது. வீரபாகுவின் நிலம்தான் இருப்பதிலேயே தாழ்ந்தது.

கடலை போன பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, அப்பாவின் வேட்டி அழுக்காக இருப்பதைச் சம்பத் பார்த்தான். தாடி வளர்ந்திருந்தது. தட்டில் கேழ்வரகுக் களி. அடுத்த வெள்ளி வந்தபோது, குளிப்பாட்டுவது ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று தெரிந்தது. அந்த வருஷம் அடைமழை ஏமாற்றியது, கிணறு ஏறவில்லை, நெல்லும் வைக்க முடியவில்லை. அதற்கும் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆயிற்று. முதுகில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண் வந்திருந்தது. அம்சவேணி சண்டை போடவும் இல்லை, மூஞ்சியைத் தூக்கவும் இல்லை. அவள் கணக்கு அவளுக்கு நேராக இருந்தது. நிலம் எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவு அவள் செய்தாள். மற்ற நேரத்தில் வறட்டி தட்டி விற்கவும், களை எடுக்கவும் வெளியே போனாள். அவளுக்கும் வயிறு இருந்தது.

மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்று, மாசாமாசம் ஒரு தொகை கொடுத்துவிடுகிறேன் என்றான் சம்பத். அவள் கையைத் தவிட்டிலிருந்து எடுக்காமலே அவனைப் பார்த்தாள்.

"இன்னா தம்பி பேசற நீ? மாமாவுக்கு நான் பீ மூத்திரம் அள்ளுறேன். அது மருமவ செய்யறது. மாசம் பொறந்தா ஒன்கிட்ட வந்து கை நீட்டுனா அதுக்குப் பேரு வேற. நாளைக்கு எம் பொண்ணக் கேட்டு வர்றவன், ஒங்கம்மா வீட்டு வீட்டுக்குக் கெழவனுங்களக் கழுவி வுடுதாமேன்னு கேப்பான். நான் இன்னா சொல்றது?"

யாருக்கும் தெரியாமல் கொடுக்கிறேன் என்றான்.

"இந்த ஊர்ல யாருக்கும் தெரியாம தும்மக்கூட முடியாது. போஸ்ட்மேனே மைக் செட்டு."

அவள் பேச்சு முடிந்துவிட்டது. தவிட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னாள். இந்தத் தடவை கிணற்றைத் தொடப்போவதில்லை. வானத்துத் தண்ணீரை மட்டும் நம்பி, வர்ற ஆடியில் கடலை போடுவாள். பிடித்தால் பழையபடி எல்லாம் நடக்கும், மாமா இங்கேயே இருப்பார். பிடிக்காவிட்டால் அவன்தான் கொண்டுபோக வேண்டும். வெறும் மண்ணுக்கு அவள் இதற்குமேல் உழைக்க மாட்டாள்.

சம்பத் உள்ளே போய் அப்பாவிடம் பொருமினான். வீரபாகுவுக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆனாலும் பேச்சு விளங்கும்.

"அவ இன்னா தப்பு பண்ணிட்டா?" என்றார். "நான் அடுத்தவன் நெலத்தக் குத்தகைக்கு ஓட்டுனப்ப, காஞ்ச வருசத்துல யாரும் என்கிட்ட நெல்லு கேக்கல. வெளையாத நெலத்துக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சுடுதண்ணி கேக்கறது?"

"நீ இன்னா நெலமா? மனுசன்பா."

"ரெண்டையும் ஒண்ணா வெச்சித்தானே வெத்தல மாத்தன."

கிழவர் சொல்வதோடு நிற்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அம்சவேணி இரண்டாவது உருண்டை களியை எடுத்தால் வேண்டாம் என்று கையை மறித்தாராம். அவர் ஆயுசு முழுவதும் அளந்து கொடுத்தவர், அளந்து வாங்கினவர். தன் உடம்புக்கும் அதே படியை வைத்துக்கொண்டார்.

கமலவேணியிடம் சொல்லிப் பார்த்தான். ஷூ கம்பெனியில் அவளுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கு வெள்ளி. இருவரும் முகம் பார்த்துப் பேசுவதே விளக்கு வைத்த பிறகு கொஞ்ச நேரம்தான். அவள் நேரடியாகப் பேசுகிறவள்.

"நான் வேலைய வுட்டா ஒங்கப்பாவுக்குச் சோறு ஊட்ட நான் இருப்பேன். சோறுதான் இருக்காது" என்றாள். "அவர இங்க படுக்க வெச்சா நான் எங்க படுக்கறது, அம்மிக்கல்லு மேலயா?"

அடுத்த ஆனி முடிந்து ஆடி பிறந்ததும் ஒரு நல்ல மழை பெய்தது. அந்த மழையில் சம்பத் மதகைத் திறக்கவில்லை. குழி அவ்வளவாக நிரம்பவில்லை, அதனால் யாரும் கேட்கவும் இல்லை. அம்சவேணி உழுது விதைத்தாள். வெள்ளிக்கிழமை போனபோது கடலை முளைத்து, இரண்டிரண்டு இலையாக, வரிசை தப்பாமல் நின்றது. கட்டிலில் கிடந்தபடியே வீரபாகு, எப்படி இருக்கிறது என்று கேட்டார். பச்சையாக இருக்கிறது என்று சொன்னான். கிழவர் அன்றைக்கு இரண்டு உருண்டை சாப்பிட்டார்.

திரும்பி வந்ததும் சம்பத் மேஸ்திரி அப்துல் கஃபாரிடம் போனான். கஃபார் பாய் நல்ல மனுஷர். மற்ற மேஸ்திரிகளைப் போல அப்பன் பெயரை இழுத்துப் பேசமாட்டார். சம்பத் விஷயத்தை மறைக்காமல் சொன்னான். கடலை பிடுங்கும்வரை, புரட்டாசி வரைக்கும், குழியைத் திறக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டான்.

கஃபார் பாய் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். "நீ தொறக்கலன்னா நான் தொறப்பேன். நான் தொறக்கலன்னா குழி தானே ரொம்பித் தொறந்துக்கும்" என்றார். "இந்த ரோட்ல எத்தினி டேனரி கீது, எண்ணிப் பார்த்தியா? நம்ம ஒரு பலகைய எறக்கி வெச்சா ஆறு இனிச்சிடுமா? மேல்விசாரத்துல எங்கம்மா வீட்டுக் கெணறு கதை தெரியுமா ஒனக்கு? யாராச்சும் செத்தா மையத்தக் குளிப்பாட்டவே வண்டியில தண்ணி கொண்டாறோம். பேஜார் பண்ணாம போய் வேலையப் பாரு."

பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, முடிந்தவரை தள்ளிப்போடு, நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன் என்றார். அதற்குமேல் அவர் என்ன செய்வார்.

தள்ளிப்போட்டான். குழி நாளுக்கு நாள் ஏறியது. நுரை கட்டி, மேலே மயிர் ஆடையாகப் படிந்து, கரையின் விளிம்பைத் தொட்டது. ஆடி முடிவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டத் தொடங்கியது. கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் குழிக்கே வந்தன. சம்பத் மதகுக்குப் பக்கத்தில் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான். குழி நிரம்பியதும் தண்ணீர் பின்னால் ஏறி, சுண்ணாம்புத் தொட்டி ஷெட்டுக்குள் புகுந்தது. தொட்டிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் முதலில் கேலியாகக் கூப்பிட்டார்கள். பிறகு அவன் அம்மாவை இழுத்துத் திட்டினார்கள். அவர்கள் கால் எல்லாம் ஏற்கெனவே சுண்ணாம்பில் வெந்து வெடித்த கால்கள். அந்த வெடிப்பில் இந்தத் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவனும் ஒரு காலத்தில் தொட்டியில் இறங்கினவன்தான்.

கொல்லைமேட்டில் இந்நேரம் அம்சவேணி வாசலில் நின்று மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பாள். வானத்துத் தண்ணீர்.

அவன் பலகையைத் தூக்கினான். இத்தனை நாள் அடைத்து வைத்தது எல்லாம் ஒரே வீச்சில் பாய்ந்தது. எப்போதும்போல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விட்டிருந்தால் ஓடையோடு போயிருக்கும். சேர்த்து வைத்துத் திறந்ததில் ஓடை கரை மீறியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் ஊருக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு படுத்திருந்தான். அதற்கடுத்த வெள்ளி, பஸ்ஸுக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது, லைன் வீட்டு வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது.

வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் வீரபாகு படுத்திருந்தார். அம்சவேணி அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டிவிட்டிருந்தாள். நெற்றியில் திருநீறுகூட இருந்தது. பக்கத்தில் அவருடைய தட்டு, டம்ளர், கம்பளி, கிணற்றுக் கயிறு, வாளி. கொடுத்த எதையும் அவள் வைத்துக்கொள்ளவில்லை. அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

அம்சவேணி வண்டியிலிருந்து இறங்கி, முழங்காலில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள்.

"ரவுண்டு கட்டி ஓடைத் தண்ணி வந்து நின்னுது. மூணு நாள். வடிஞ்ச பொறவு ஒரு எலை இல்ல" என்றாள். "நெலத்த ஒப்படைச்சிட்டேன், மாமாவ ஒப்படைச்சிட்டேன். முதுகுப் புண்ணு ஆறிக்கினு வருது. மஞ்சா அரைச்சிப் போடு."

நான் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது அண்ணி என்று சம்பத் தொடங்கினான். அவள் நிற்கவில்லை. வண்டிக்காரன் மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டுமாம். அவளும் அப்படியே அணைக்கட்டுக்கு, தாய் வீட்டுக்குப் போகிறாளாம். மாட்டை முதல் நாளே விற்றுவிட்டாள்.

சம்பத்தும் வண்டிக்காரனும் சேர்ந்து கிழவரைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். கமலவேணி சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, வாசலிலேயே நின்று, உள்ளே கிடந்தவரைப் பார்த்தாள். தன் பாயைச் சுருட்டி அடுப்புக்குப் பக்கத்தில் போட்டாள்.

பகலில் யாராவது வீட்டில் இருக்க வேண்டும். சம்பத் கஃபார் பாயிடம் கேட்டு நிரந்தரமாக நைட் ஷிப்ட் வாங்கிக்கொண்டான். விடிந்ததும் வந்து, அப்பாவைக் கழுவி, ஊட்டிவிட்டு, அவர் காலடியில் படுத்துத் தூங்குவான். அவர் முனகினால் எழுந்திருப்பான். இரண்டே வாரத்தில் அவன் கண்கள் குழிக்குள் போய்விட்டன. லைன் வீட்டில் எப்போது பார்த்தாலும் இரண்டு ஆண்கள் படுத்துக் கிடக்கிறார்கள், எது அப்பன் எது மகன் என்று தெரியவில்லை என்று பக்கத்து வீட்டு மஹ்பூபி கமலவேணியிடம் கேலி செய்தாள். கமலவேணி சிரிக்கவில்லை.

ஒரு நாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தாள். சம்பத் சோற்றைக் கரைத்துப் பிசைந்து அப்பா வாய்க்கு அருகில் கொண்டுபோனான். சோப்புப் போட்டுத்தான் கழுவியிருந்தான். கிழவர் வாயைத் திறக்காமல் மூக்கைச் சுருக்கினார்.

"ஒன் கையில நம்ம கெணத்து வாசன அடிக்குது" என்றார்.

"டேனரி வாசனப்பா. இங்க எல்லார் கையும் இப்படித்தான்."

"இல்ல. சித்திரையில அடிக்குமே, அது." அவர் கண்கள் மகன் முகத்திலேயே இருந்தன. நல்ல கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையை இன்னொரு தடவை முகர்ந்தார். "இங்கேர்ந்துதான் வருதா?"

"ஆமா."

"யாரு தொறந்து வுடறது?"

கமலவேணியின் சீப்பு பாதித் தலையில் நின்றது. வெளியே டேனரியின் பகல் ஷிப்ட் சங்கு ஊதி ஓய்ந்தது.

"நான்தான்" என்றான் சம்பத்.

கிழவர் பிடித்திருந்த மணிக்கட்டை விட்டார். பிசைந்த சோறு சம்பத்தின் விரல் இடுக்கில் வழிந்து பாயில் சொட்டியது. கையைப் பின்னால் இழுப்பதா அப்படியே வைத்திருப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. இனி இவர் தன் கையால் சாப்பிடமாட்டார் என்று நினைத்தான். சாப்பிடாமல் இருந்தால் எத்தனை நாள் தாங்கும் என்றும் நினைத்தான். அந்த நினைப்பில் கொஞ்சம் தூக்கமும் கலந்திருந்தது.

வீரபாகு வாயைத் திறந்தார். அவருக்குப் பசி.